அழகருக்கு அடிச்ச தண்ணி

மதுரை மதிச்சியத்தில், சித்திரை வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கிற பதினொரு மணி வாக்கில், எங்கேயிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒரு கோடு தண்ணீர் காற்றில் வளைந்து வந்து உங்கள் பிடரியில் விழுந்திருக்கிறதா? விழுந்ததில்லையா? அப்படியானால் உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது, ஏனென்றால் அந்த முதல் துளி உங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. எனக்கு அது சின்ன வயதிலேயே விழுந்துவிட்டது, அதற்கப்புறம் வருஷா வருஷம் விழுந்துகொண்டே இருக்கிறது, இன்னும் அலுக்கவில்லை. பார்க்க வந்தவரையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு நடக்கிற கலை என்று உலகம் முழுக்க இன்று கொண்டாடுகிறார்களே, இன்டராக்டிவ் இன்ஸ்டலேஷன் என்று, அந்த வகையறாவில் இதை மிஞ்சியது ஒன்று கிடையாது. கிடையவே கிடையாது. சண்டைக்கு வருகிறவர்கள் சித்திரையில் வாருங்கள், நனைந்துகொண்டே பேசிக்கொள்ளலாம்.

என் பிழைப்பே இந்த வகையறாதான். தொட்டால் பேசும் சுவர், நடந்தால் ஒளிரும் தரை, கையை ஆட்டினால் பறக்கும் பறவைக் கூட்டம் என்று கண்காட்சிக் கூடங்களுக்குச் செய்து கொடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் தொழிலில் ‘பார்வையாளர் வசதி’ என்று ஒரு தாள் உண்டு. பெஞ்சு எங்கே போடுவது, சத்தத்தை எவ்வளவு வைப்பது, இருட்டைக் கண்டு மிரள்கிறவருக்கு வெளியே போக வழி எது, சக்கர நாற்காலி திரும்ப எத்தனை அடி விடுவது, எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தத் தாள் எப்போதும் கடைசியில்தான் மேஜைக்கு வரும். முதலில் கலை, அப்புறம் வசதி, அதுவும் மிச்சம் இருக்கிற காசில். சித்திரைத் திருவிழாவில் அழகர்மலைப் பெருமாள் கள்ளழகர் மதுரைக்கு வருகிற வழியில் பாருங்கள், எல்லாம் தலைகீழ்! அங்கே வசதி செய்து கொடுப்பதேதான் கலை. வெயிலில் வந்த ஒருவரைக் குளிரவைப்பது, அவ்வளவுதான் கதை. கருவும் அதுதான், உச்சக்கட்டமும் அதுதான். இது என் மண்டையில் உறைத்த நிமிஷம் நான் ரோட்டோரம் நின்றபடியே பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தம்பி, வெயிலு தலைக்கு ஏறிருச்சு, மோர் குடிங்க” என்றார்.

சரி, முதலில் இருந்து வாருங்கள். கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். மதுரைக்கு வடகிழக்கே இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அழகர்மலை அடிவாரம். பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, கள்ளர் கோலத்தில் கொண்டை போட்டு, கையில் வளரியும் சாட்டையுமாக அழகர் சாயங்காலம் கிளம்புகிறார். கள்ளந்திரி, அப்பன் திருப்பதி, கடச்சனேந்தல் என்று ராத்திரி முழுக்க வருகிறார். வழி நெடுக மண்டகப்படிகள், நானூறுக்கும் மேலே! ஒவ்வொன்றிலும் நின்று, உட்கார்ந்து, தீபம் பார்த்து, ஜனங்களைப் பார்த்து, மறுபடி கிளம்பி. காலையில் மூன்றுமாவடியில் ஊரே எதிர்கொண்டு போய் நிற்கிறது. எதிர்சேவை. விருந்தாளி வீட்டு வாசலுக்கு வந்து சேருகிற வரைக்கும் காத்திருக்க மனசில்லாமல் ஊர் எல்லைக்கே ஓடிப்போய் நிற்கிற ஜனம். புதூர் தாண்டி, தல்லாகுளம் பெருமாள் கோயிலில் திருமஞ்சனம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலை, தங்கக்குதிரை. மறுநாள் விடியற்காலையில் ஆழ்வார்புரத்தில் வைகைக்குள் இறங்குகிறார். அங்கே வெள்ளிக்குதிரையில் வீரராகவப் பெருமாள் வரவேற்கக் காத்திருக்கிறார். ஏ.வி. பாலத்தின் மேலே தலை தலையாக மனிதர்கள், கீழே ஆற்றில் தலை தலையாக மனிதர்கள், செம்பில் சர்க்கரையை நிரப்பி வாழை இலையால் வாயை மூடிச் சூடம் ஏற்றிப் பிடித்திருக்கிற பெண்கள், ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் சுடர்கள். என்ன நிறத்தில் பட்டு உடுத்தி இறங்குவார் என்று அத்தனை பேருக்கும் ஒரே பதைப்பு. பச்சை என்றால் நாடு செழிக்கும். “பச்ச! பச்ச!” என்று யாரோ கத்த, அந்தச் சத்தம் பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி கோரிப்பாளையம் வரைக்கும் ஓடுகிறது. எனக்குத் தொண்டை கட்டிக்கொள்வது எப்போதும் அந்த இடத்தில்தான். எத்தனை தடவை பார்த்தவன், பட்டின் நிறம் தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனாலும் முன்னால் நிற்கிறவரின் தோளில் ஏறாத குறையாக எம்பிக் குதிக்கிறேன்.

இது வரைக்கும் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், டிவியில் நேரடி ஒளிபரப்பு உண்டு, உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடப்பது.

ஆற்றில் இருந்து ஏறி அழகர் மதிச்சியம் ராமராயர் மண்டபத்துக்குப் போகிறார். வெயில் வந்துவிட்டது. சாதாரண வெயில் இல்லை, சித்திரை வெயில், மதுரை வெயில், நிழலுக்கே வேர்க்கிற வெயில். தார் ரோடு காலைப் பொசுக்குகிறது, முக்கால்வாசிப் பேர் காலில் செருப்பு கிடையாது. ராத்திரி தூங்காத கண்கள், தோளோடு தோள் உரசும் கூட்டம், வேர்வை, சூடம், மல்லிகைப்பூ, சந்தனம், வெடி மருந்து எல்லாம் கலந்த வாடை. உறுமி ஒரு பக்கம் அதிர்கிறது, தப்பு ஒரு பக்கம். மனித உடம்பு ‘போதும்டா சாமி’ என்று சொல்லப்போகிற கட்டம் இது. எங்கள் ஆட்களாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு அம்புக்குறிப் பலகை வைத்து ‘ஓய்வறை இடதுபுறம்’ என்று எழுதியிருப்போம். மதுரை என்ன செய்தது தெரியுமா? சரியாக இந்த இடத்தில் தண்ணீரை வைத்தது!

வருகிறார்கள் பாருங்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் சல்லடம் கட்டி, இடுப்பில் கச்சை, தலையில் உருமா, ஜிகினா மின்ன மின்ன, விரதம் இருந்து இளைத்த முகத்தோடு, கக்கத்தில் ஆட்டுத்தோல் பையை இடுக்கிக்கொண்டு. தோப்பறை என்பார்கள். தோலை முழுசாக உரித்துப் பதப்படுத்தி மூட்டுவாய்களைக் கட்டி, ஒரு பக்கம் மட்டும் மெல்லிய குழல் வைத்த பை. தண்ணீரை நிரப்பிக் கக்கத்தில் வைத்து முழங்கையால் ஒரு அமுக்கு. சுர்ர்ர்ரென்று கிளம்புகிறது, நூல் மாதிரி. மேலே போகப் போக உடைகிறது, உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, வெயில் அதில் புகுந்து பளபளவென்று தெறிக்கிறது, அப்புறம் தூளாகி, பொடியாகி, குதிரைமேல் இருக்கிற அழகர்மேல் விழுகிறது. ஒரு தோப்பறை இல்லை, பத்து இல்லை, நாலா பக்கமும் நூற்றுக்கணக்கில். இங்கிட்டு ஒன்று, அங்கிட்டு ஒன்று, மாடியில் இருந்து ஒன்று, அப்பன் தோளில் உட்கார்ந்த மூன்று வயசுப் பயல் பிளாஸ்டிக் பீச்சாங்குழலில் ஒன்று. காற்றே ஈரமாகிவிடுகிறது, மூச்சு இழுத்தால் மண்வாசனை, சற்று முன்னால் வரை முகத்தில் அறைந்த அனல் எங்கே போச்சு, யாரோ வானத்தின் கதவைத் திறந்துவிட்ட மாதிரி குளு குளு குளுவென்று, சட்டை முதுகில் ஒட்டி, கண்ணிமையில் நீர் தொங்கி, பக்கத்தில் இருக்கிற அம்மா “ஆத்தாடி, ஆத்தாடி, என்னா குளுச்சி” என்று கண்ணை மூடிக்கொண்டு சிரிக்க, நானும் சிரிக்க, எனக்கு முன்னால் முறைத்துக்கொண்டு நின்ற போலீஸ்காரரும் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்க, யாருக்கும் யாரையும் தெரியாது, எல்லோரும் நனைந்திருக்கிறோம், கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் எழும்ப, எனக்கு அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, கையை ரெண்டையும் மேலே தூக்கிக்கொண்டு ஆறு வயசுப் பிள்ளைபோலக் குதித்துக்கொண்டிருந்தேன், இந்த வயசில், தொப்பையோடு!

இப்போது இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள், என்னால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தண்ணீர் யாருக்கு? அழகருக்கு. மலையில் இருந்து இத்தனை தூரம் வெயிலில் வந்திருக்கிறாரே, பாவம், உடம்பு காயுமே என்று அவருக்கு அடிக்கிறார்கள். ஆனால் விழுவது யார்மேல்? முதலில் அவரைத் தூக்கிக்கொண்டு வருகிற சீர்பாதம் தாங்கிகள்மேல். ராத்திரியெல்லாம் தோள் கொடுத்த அந்த மனிதர்களுக்குத்தான் அந்த நேரத்தில் உலகத்திலேயே அதிகமாகத் தண்ணீர் தேவை. அடுத்து அவர்கள் கால் வைக்கிற தார் ரோட்டின்மேல். அடுத்து கூட்டத்தின்மேல். அடித்தவன்மேலேயே பாதி திரும்பி விழுகிறது. ‘உங்களுக்கு வேர்க்கிறதா, கொஞ்சம் தண்ணீர் தெளிக்கட்டுமா’ என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம் ஜனம் என்ன சொல்லும்? “பரவால்லங்க, இருக்கட்டும்” என்று சொல்லும். நமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க நமக்குக் கூச்சம். ஆனால் விருந்தாளிக்கு என்றால்? உயிரையே கொடுப்போம்! அந்தக் கூச்சத்தைச் சுற்றிக்கொண்டு போக விருந்தாளியை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள், இதை யோசித்த தலைக்குத் தங்கக்கிரீடம் வைக்க வேண்டாமா? பார்வையாளரின் சங்கோஜத்தை உடைப்பது எப்படி என்று நாங்கள் நாட்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

குழலை மெல்லிசாக வைத்ததில்கூட விஷயம் இருக்கிறது. வாளியோடு எடுத்து ஊற்றினால் சளசளவென்று விழுந்து ரோட்டில் ஓடிவிடும். நூலாகப் போய்ப் பொடியாக உடைந்தால் காற்றிலேயே ஒரு பங்கு ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியிருக்கிற காற்றிலும் தோலிலும் இருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் மேலே விழுந்தது ரெண்டு சொட்டு என்றாலும் தெரு முழுக்கக் குளிர்ச்சி. இன்றைக்குப் பெரிய பெரிய உணவகங்களில் வெளித் திண்ணையில் புகைபோல நீர்த்தூவி ஓடுகிறதே, அதே சங்கதி, மின்சாரம் மட்டும் இல்லாமல், ஒரு முழங்கையின் அமுக்கலில்.

லண்டனில் பார்பிகன் கலைமையத்தில் 2012-இல் ‘ரெயின் ரூம்’ என்று ஒன்று வைத்தார்கள், ராண்டம் இன்டர்நேஷனல் என்ற கலைஞர் குழு செய்தது. நூறு சதுர மீட்டர் பரப்பில் கூரையில் இருந்து மழை கொட்டும். நீங்கள் உள்ளே நடந்தால் கேமராக்கள் உங்களைக் கண்டுபிடித்து, உங்கள் தலைக்கு மேலே மட்டும் மழையை நிறுத்திவிடும். நடுமழையில் நனையாமல் நடக்கலாம். அடுத்த வருஷம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது, மணிக்கணக்கில் வரிசையில் நின்று பார்த்தார்கள். நான் அதைப் பற்றிப் படித்துவிட்டு மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன், பிரமாதமான யோசனை, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அங்கே மழைக்குப் பஞ்சமில்லாத ஊர்க்காரர்கள் நனையாமல் இருக்க வரிசையில் நிற்கிறார்கள், இங்கே மழையைக் காணாத ஊர்க்காரர்கள் நனைவதற்காக ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறார்கள்! இன்னொன்று. பின்னால் லாஸ் ஏஞ்சல்ஸில் வைத்தபோது, கறுப்பு உடையோ பளபளக்கும் துணியோ போட்டு வராதீர்கள், கேமரா உங்களைச் சரியாகப் பார்க்காது, நனைந்துவிடுவீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள். நம் தோப்பறைக்காரர்களை அங்கே கொண்டுபோய் விட்டால் எப்படி இருக்கும்! ஜிகினாவும் சரிகையுமாக உள்ளே போய், கேமராவுக்குத் தண்ணி காட்டிவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து, பரம திருப்தியோடு வெளியே வருவார்கள்.

அந்த ஜிகினா உடுப்பும் சும்மா இல்லை. அதைத் தைத்துக் கொடுத்த பேர்போன இடம் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கிற புதுமண்டபம். தலைமுறை தலைமுறையாக அங்கே தையல் மெஷின்கள் கடகடத்தன, அழகருக்கும் கருப்பனுக்கும் உடுப்புத் தைத்தவர்களில் இஸ்லாமியத் தையல்காரர்களும் உண்டு. கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்த மண்டபத்தைக் கட்டியது எதற்கு என்று தெரியுமா? வசந்த விழாவுக்கு! வெயில் காலத்தில் சாமியைக் கொண்டுவந்து குளிரக் குளிர உட்கார வைக்கத் திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம் அது. சுற்றிலும் தண்ணீர் நிரப்ப அகழிபோல ஒரு தொட்டி வேறு. கல்லும் தண்ணீரும் காற்றும் சேர்ந்து வேலை செய்யும் 17-ஆம் நூற்றாண்டு ஏசி. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, தேனூரில் ஆற்றில் இறங்கிய அழகரை மதுரையில் இறங்க வைத்து, சைவத்தையும் வைணவத்தையும் ஒரே ஜனத்திரளில் கலந்துவிட்டதும் அதே நாயக்கர்தான் என்று ஊர் சொல்கிறது. வெயில் காலத்துக்கு விழாவை மாற்றினால் ஜனம் வாடும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் செய்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு. தாகம் இருந்தால்தானே தண்ணீருக்கு மரியாதை.

பேராசிரியர் தொ. பரமசிவன் அழகர்கோயிலைப் பற்றி முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து எழுதியது 1989-இல் புத்தகமாக வந்தது. எங்கள் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் நாளே கையில் கொடுக்கவேண்டிய புத்தகம் என்பேன். வேண்டுதலோடு வருகிற அடியவர்களை அவர் வகை பிரித்திருக்கிறார்: திரி எடுத்து ஆடுகிறவர்கள், திரி இல்லாமல் ஆடுகிறவர்கள், சாட்டை அடித்து ஆடுகிறவர்கள், துருத்தியில் நீர் தெளிக்கிறவர்கள். அதைப் படித்தபோது நான் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். அடடா, பங்கேற்பில் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள்! தைரியம் இருக்கிறவன் தீப்பந்தம் எடுக்கட்டும். அவ்வளவு வேண்டாம் என்கிறவன் வெறுமனே ஆடட்டும். ஆடவும் கூச்சமா, தண்ணீர் அடி. அதுவும் வேண்டாமா, மோர்ப்பந்தலில் டம்ளர் கழுவு. பாட வருமா, அழகர் வர்ணிப்புப் பாடு, உட்கார்ந்து கேட்கப் பத்துப் பேர் வருவார்கள். எதுவுமே வேண்டாமா, வீட்டு மொட்டை மாடியைத் திறந்துவிடு, முன்பின் தெரியாத இருபது பேர் ஏறி நின்று பார்த்துவிட்டு, “நல்லா இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள். எந்தப் படியில் நின்றாலும் நீங்கள் விழாவுக்குள்தான். இந்தப் படியில் நிற்பதற்கு வெட்கப்பட வேண்டாம், அடுத்த படிக்குத் தள்ளவும் மாட்டார்கள். கலைக்கூடங்களில் நான் பார்த்திருக்கிறேன், “வாங்க சார், நீங்களும் தொடுங்க சார்” என்று வழிகாட்டி கூப்பிட்டதும் பாதிப் பேர் ரெண்டடி பின்னால் போவார்கள். மதிச்சியத்தில் ஒருவரும் கூப்பிடுவதில்லை, ஒருவரும் பின்னால் போவதுமில்லை.

அப்புறம் அந்த நீர்மோர்! பானகம்! பெருங்காயமும் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டு, மண்பானையில் சிலுசிலுவென்று இருக்கும் மோரை வேண்டாம் என்றாலும் கையில் திணிக்கிறார்கள். “அண்ணே, குடிச்சுட்டுப் போங்கண்ணே, சும்மா போகக்கூடாதுண்ணே.” பத்தடி தள்ளி இன்னொரு பந்தல், பானகம், ஏலக்காய் வாசம் தூக்குகிறது. இன்னும் பத்தடி, வெள்ளரிப்பிஞ்சு. இன்னும் பத்தடி, தொன்னையில் புளியோதரை. பனையோலை விசிறியைக் கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு போகிற வருகிறவருக்கெல்லாம் கொடுக்கிற ஒரு அப்பத்தாவைப் பார்த்தேன், எதற்கு என்று கேட்டால் “ஒங்களுக்கு வீசுனா அழகருக்கு வீசுன மாதிரிதேன்” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு நீட்டிவிட்டது. தென்னங்கீற்றுப் பந்தல் ஒவ்வொன்றும் ஒரு நிழல் தீவு. நிழலில் இருந்து நிழலுக்குத் தாவித் தாவியே தல்லாகுளத்தில் இருந்து மதிச்சியம் வரைக்கும் வந்துவிடலாம், நான் வந்திருக்கிறேன், வழியில் வயிறு ரொம்பி நடக்க முடியாமல் ஒரு திண்ணையில் அரை மணி நேரம் சாய்ந்தும் கிடந்திருக்கிறேன், அந்த வீட்டுக்காரர் எழுப்பவில்லை, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

ராத்திரி ஆற்று மணலில் படுத்துக் கிடக்கும் குடும்பங்களைப் பார்த்தால் இன்னும் உருகிப்போவீர்கள். மேலூர்ப் பக்கம், அலங்காநல்லூர்ப் பக்கம், சோழவந்தான் பக்கம் என்று சுற்றியிருக்கிற சமவெளிக் கிராமத்து ஜனம் சாக்கையும் ஜமுக்காளத்தையும் விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொண்டு. ஓலாஃபூர் எலியாசன் 2003-இல் லண்டன் டேட் மாடர்னில் ஒரு செயற்கைச் சூரியனைச் செய்து வைத்தார், கூரை முழுக்கக் கண்ணாடி. வந்தவர்கள் தாங்களாகவே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கண்ணாடியில் தங்களைப் பார்த்தார்கள், படுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. உலகக் கலைவிமர்சகர்கள் எல்லாம் அதை ஒரு அதிசயமாக எழுதினார்கள். மனிதன் ஒரு இடத்தில் தானாகவே படுத்துவிட்டால் அந்த இடம் அவனுக்குப் பத்திரமாகத் தெரிகிறது என்று அர்த்தம், வடிவமைப்பாளனுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. வைகை மணலுக்கு வருஷா வருஷம் லட்சக்கணக்கான முதுகுகள் அந்தச் சான்றிதழைக் கொடுக்கின்றன.

குறையே இல்லையா என்பீர்கள். இருக்கிறது, சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன். நடுவில் சில பேர் தோப்பறையை விட்டுவிட்டு மோட்டார் வைத்த பிரஷர் பம்புகளை எடுத்து வந்துவிட்டார்கள். அது வேற தண்ணீர். முகத்தில் பட்டால் அறை, கண்ணில் பட்டால் எரிச்சல், திரவியம் கலந்தால் இன்னும் மோசம். விஷயம் 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போய், பம்பு கூடாது, பழைய முறைப்படி தோல்பையில்தான் அடிக்க வேண்டும் என்று ஆனது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஒரு தோப்பறையில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் வரும், ஒரு முழங்கைக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு வேகம்தான் வரும். அடுத்தவருக்கு வலிக்காத அளவு கருவிக்குள்ளேயே இருந்தது, அதை மோட்டார் பிடுங்கிப் போட்டது, இப்போது திரும்ப வந்திருக்கிறது. கூட்ட நெரிசல் இன்னொரு கவலை. பெருந்தொற்றால் 2020, 2021 ரெண்டு வருஷமும் அழகர் ஆற்றுக்கு வரவே இல்லை. அந்த ஏக்கமெல்லாம் சேர்ந்து 2022-இல் ஆற்றில் ஜனம் கொட்டிக் கிடந்தபோது நெரிசலில் ரெண்டு உயிர் போனது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அன்றிலிருந்து நான் ஆற்றுக்குள் முண்டியடிப்பதில்லை, பாலத்தைத் தாண்டி மதிச்சியத்துக்குப் போய் நின்றுவிடுவேன். வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

வசதியே கலையாகிற இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கீழடி அருங்காட்சியகத்துக்கு 2023 மார்ச்சில் திறந்த புதிதில் போயிருந்தேன். மதுரைக்குத் தென்கிழக்கே கொஞ்ச தூரம், கொந்தகையில், செட்டிநாட்டு வீட்டு பாணியில் கட்டியிருக்கிறார்கள். பானை ஓடுகள், தாயக்கட்டை, தக்களி, பிள்ளைகள் விளையாடிய வட்டச் சில்லு எல்லாம் அழகு. ஆனால் நான் அதிக நேரம் நின்றது எங்கே தெரியுமா? தாழ்வாரத்தில். ஒரு கூடத்தில் இருந்து அடுத்த கூடத்துக்குப் போகும்போது தாழ்வாரத்தின் நிழலும் காற்றும் வந்து மேலே படுகின்றன, கண்ணும் காலும் தாமாக இளைப்பாறிக்கொள்கின்றன. எனக்குப் பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடு எழுத்தைப் பார்த்துவிட்டு வந்து தூண் ஓரமாகக் குந்தி, “ஆதன்னு எழுதிருக்கான்டா, அவன் பேரு போல” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்ததால் பேச்சு வந்தது. நான் அங்கேயும் துள்ளிக் குதித்து யாரையாவது கட்டிப்பிடித்திருப்பேன், கூட வந்த என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சித்திரைக்கு வருகிறீர்கள்தானே? வந்தே ஆகணும். வெள்ளை வேட்டி வேண்டாம், சந்தனமும் மஞ்சளும் அப்பினால் போகாது. போனைப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள். பர்ஸில் காசு கொஞ்சமாக வையுங்கள், செலவுக்கு வேலையே இல்லை. செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், எப்படியும் தொலையும். வெள்ளென வந்து இடம் பிடிக்கணும் என்று அவசரப்படாதீர்கள், பட்டின் நிறத்தை டிவியில் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்கு மேல் நிதானமாக வந்து ராமராயர் மண்டபத்துக்கு முன்னால் இடதுகைப் பக்கம் பந்தல் நிழலில் நில்லுங்கள், மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருங்கள், உறுமிச் சத்தம் கேட்டதும் முகத்தை மட்டும் மேலே தூக்குங்கள். அன்றைக்கே ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டுவிடாதீர்கள்! அன்று ராத்திரி வண்டியூர் இருக்கிறது, மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்ப்பது இருக்கிறது, அது முடிந்து ராத்திரி முழுக்க அதே ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் இருக்கிறது, விடிய விடிய ஒவ்வொரு அவதாரமாக மாறி மாறி வருவார், அப்புறம் பூப்பல்லக்கு, அடடா, அந்தப் பூப்பல்லக்கு! அதைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லையே.